மலைவீட்டில் ஒரு கவிஞரின் காகிதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கவிதையும் எழுதி, பிறருடைய வாழ்க்கை வரலாறும் எழுதிய ஒருவர் மறைந்தபின் வீட்டில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: இரண்டு மூன்று ட்ரங்குப் பெட்டி, ஒரு பீரோ நிறையக் கோப்புகள், கொஞ்சம் ஒலிநாடாக்கள், மேசை டிராயரில் சில்லறைச் சீட்டுகள். உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் இவற்றை வைத்திருக்கும் குடும்பத்தாரும் சிறு நூலகங்களின் பொறுப்பாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இங்கே, அவர்கள் கேட்ட வாக்கிலேயே.

"அவர் எழுதினது எல்லாம் புத்தகமா வந்துடுச்சே, இந்தப் பழைய காகிதம் எதுக்கு?"

அச்சில் வந்தது முடிவு. அதற்கு வந்த வழி காகிதத்தில்தான் இருக்கிறது. பென்சில் வரைவில் அடித்த சொல், நல்ல படியில் மாறிய வரி, அச்சுப்படியில் கடைசி நேரத்தில் நீக்கிய பத்தி எதுவும் புத்தகத்தில் தெரியாது. வாழ்க்கை வரலாற்று ஆசிரியரின் கோப்புகள் இன்னும் முக்கியம். அவர் திரட்டியதில் ஒரு பகுதிதான் நூலில் சேரும். மீதமுள்ள பேட்டிக் குறிப்புகளும் கடிதங்களும் வேறெங்கும் கிடைக்காது.

தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை எழுதிய உ.வே.சா.வின் சேகரிப்பு, சென்னையில் 1943இல் அவர் பெயரில் தொடங்கிய நூல்நிலையத்தில் இருக்கிறது. அவருக்கு வந்த கடிதங்கள் இன்று தமிழ்ப் பதிப்பு வரலாற்றுக்கே ஆதாரம்.

"எதை வச்சுக்கணும், எதைத் தூக்கிப்போடலாம்?"

முதல் ஆறு மாதம் எதையும் போட வேண்டாம். மலைவீடுகளில் கவிதை எழுதப்பட்ட இடங்களைப் பார்த்தால் காரணம் புரியும்: பச்சைத் தேயிலை எடைச் சீட்டின் பின்பக்கம், கல்யாணப் பத்திரிகையின் காலி இடம், மருந்துக்கடை உறை. இரண்டு பக்கமும் பார்க்காமல் எந்தத் துண்டும் குப்பைக்குப் போகக்கூடாது. வெறும் ரசீது என்று தோன்றுவதும் அவர் எந்த மாதம் எந்த ஊரில் இருந்தார் என்று காட்டும்.

"ஒரே கவிதை நாலு படி இருக்கு" என்பார்கள். வரிக்கு வரி ஒப்பிட்டால் நாலும் வேறு வேறாகவே இருக்கும். அவர் அனுப்பிய கடிதத்தின் கார்பன் நகல் கிடைத்தால் தங்கமாக நினையுங்கள். மூலம் யார் வீட்டிலோ இருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. கடிதம் வந்த உறையையும் வீசக்கூடாது, தபால்தலையை வெட்டி எடுக்கவும் கூடாது. போடக்கூடியது, அவர் கைபடாத அச்சிட்ட விளம்பரத் தாளும் ஒரே நூலின் குறிப்பெழுதாத உபரிப் பிரதிகளும்தான்.

"எல்லாத்தையும் தேதிவாரியா அடுக்கிட்டோம். நல்லதுதானே?"

இல்லை, இதுதான் நல்லெண்ணத்தில் நடக்கும் பெரிய சேதம். ஒருவர் தம் காகிதத்தை எப்படி வைத்திருந்தார் என்பதே ஒரு தகவல். ஒரு கவிதை வரைவு ஒரு குறிப்பிட்ட நண்பரின் கடிதத்தோடு சேர்த்துக் குத்தப்பட்டிருந்தால், அந்தச் சேர்க்கைக்குக் காரணம் இருக்கும். பிரித்து அடுக்கிவிட்டால் அதை யாராலும் மீட்க முடியாது.

பெட்டியைத் திறந்ததும் மேலிருந்து கீழாக அடுக்கடுக்காகக் கைபேசியில் படமெடுங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு எண் கொடுத்து, "பீரோ, இரண்டாம் தட்டு, இடது" என்று ஒரு துண்டுத்தாளில் பென்சிலால் எழுதிக் கட்டோடு வையுங்கள். அவர் அமைத்த ஒழுங்கே தெரியாமல் குலைந்து கிடந்தால் மட்டும் கவிதைப் படிகள், நாட்குறிப்புகள், வந்த கடிதங்கள், அனுப்பியவற்றின் நகல்கள், வரலாற்றாய்வுக் கோப்புகள், அச்சுப்படிகள், படங்கள், ஒலிநாடாக்கள் எனப் பிரிக்கலாம். ஏற்கெனவே அடுக்கிவிட்டவர்கள், நினைவிருக்கும்போதே பழைய நிலையை ஒரு பக்கம் எழுதிவையுங்கள்.

"ஊட்டி குளிர்ந்த ஊர். காகிதத்துக்குக் குளிர் நல்லதுன்னு சொல்றாங்களே?"

பாதி உண்மை. குளிரில் காகிதம் பழுப்பதும் நொறுங்குவதும் மெதுவாகும். சமவெளி அளவுக்குக் கரையான் தொல்லையும் உயரத்தில் இல்லை. ஆனால் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூசணம் பிடிக்கும். நமக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், உதகை பக்கம் ஒரு மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி பக்கம் இன்னொரு மழை. நடுவில் மூடுபனி. 45 முதல் 55 சதவீதம் வரை இருப்பதே இலக்கு. மழைக்காலத்தில் 60க்குள் நிறுத்தினாலே நல்ல வேலை.

பகலிரவு வித்தியாசத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 20 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 12 டிகிரிக்கு இறங்கினாலே நூறு சதவீதத்தைத் தொட்டுவிடும். ட்ரங்குப் பெட்டியின் தகரம் இரவில் சீக்கிரம் குளிர்ந்து, உள்ளே அடைபட்ட காற்று அதன்மேல் நீராகப் படியும். மேல்தாள் மட்டும் அலையலையாக நெளிந்திருந்தால் இதுதான் காரணம். தகரக் கூரைக்கு நேர்கீழே உள்ள பரணிலும் இதே கதை.

ஆகவே வீட்டின் நடுப்பகுதியில், வெளிச்சுவர் இல்லாத அறையைத் தேர்ந்தெடுங்கள். அலமாரி சுவரிலிருந்து 10 செ.மீ., தரையிலிருந்து 15 செ.மீ. விலகி நிற்கட்டும். கணப்பு எரியும் அறை வேண்டாம்: புகைக்கரி படியும், எரியும்போது வறண்டு அணைந்தபின் ஈரமாகும் இந்த ஏற்ற இறக்கமே காகிதத்தை முறிக்கும். டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை அலமாரிக்குள் வைத்துக் காலை ஏழு, மதியம் மூன்று என இருவேளை குறித்துவாருங்கள். இரண்டு வாரக் குறிப்பு எந்த ஆலோசனையையும்விட மேல்.

"டீஹ்யூமிடிஃபையர் வாங்கினோம். டிசம்பர்ல தண்ணியே வடிய மாட்டேங்குது!"

கம்ப்ரஸர் வகை வாங்கியிருப்பீர்கள். அது குளிர்ந்த சுருளில் நீரைப் படியவைத்துப் பிரிக்கிறது. அறையே 15 டிகிரிக்குக் கீழே போனால் சுருளில் பனி உறைந்து, கருவி பனியை உருக்குவதிலேயே நேரத்தைக் கழிக்கும். மேல்மலைக்கு ஏற்றது, ஈரமுறிஞ்சும் சக்கரம் சுழலும் டெசிகன்ட் வகை. மின்சாரம் கூடுதல், ஆனால் குளிரிலும் வேலை செய்யும். கூடலூர் உயரத்துக்குக் கம்ப்ரஸர் வகையே போதும்.

கருவி வாங்க வழியில்லையென்றால், இறுக்கி மூடும் 30 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டிக்கு அரை கிலோ சிலிக்கா ஜெல், துணிப்பையில் கட்டி. ஆனால் சிலிக்கா ஜெல் தன் எடையில் கால் பங்கு அளவுதான் நீரை இழுக்கும். நமத்த காகிதம் 10 கிலோவில் உபரி ஈரமே 300 கிராமுக்கு மேல் இருக்கலாம். ஆகவே காகிதத்தை முதலில் உலர்ந்த அறையில் ஒரு வாரம் ஆறவிட்டு, ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் பெட்டியில் அடைப்பதே சரியான வரிசை. ஈரத்தோடு அடைத்தால் பெட்டி பூசணப் பண்ணையாகும். ஜெல் நிறம் மாறியதும் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கினால் மறுபடி உதவும். நீலநிற ஜெல்லில் கோபால்ட் இருப்பதால் சமையல் அவனில் வேண்டாம். ஆரஞ்சு நிறத்தையே கேட்டு வாங்குங்கள்.

"நல்ல வெயில் அடிக்குது. முற்றத்துல காயப்போடட்டுமா?"

வேண்டாம். இந்த உயரத்தில் புற ஊதாக் கதிர் கடுமை. மைப்பேனா எழுத்து ஒரே பருவத்தில் வெளிறும், தாள் சுருளும். நிழலில், மின்விசிறியை நேரே காகிதத்தின்மேல் விடாமல் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து ஆறவிடுங்கள்.

"தைல இலை, வசம்பு, அந்துருண்டை போட்டா பூச்சி வராதுல்ல?"

யூகலிப்டஸ் இலை இங்கே சும்மா கிடைப்பதால் எல்லோரும் போடுகிறார்கள். அதன் எண்ணெய் தாளில் கசிந்து பழுப்புக் கறையாகும். அரைகுறையாகக் காய்ந்த இலை ஈரத்தையும் கூடவே கொண்டுவரும். வேப்பிலையும் அப்படியே. வசம்பைப் பொடியாகத் தூவாமல் துணியில் முடிந்து அலமாரியின் மூலையில் வைத்தால் பெரிய தீங்கில்லை, ஆனால் பூசணத்தை அது தடுக்காது. அந்துருண்டை மனிதர் மூச்சுக்குக் கெடுதல், படங்களுக்கும் பிளாஸ்டிக்குக்கும் கெடுதல்.

இராமபாணம் என்னும் புத்தகப் பூச்சி ஈரமும் பசையும் இருக்கும் இடத்துக்குத்தான் வரும். ஈரத்தைக் குறைத்தால் அதுவும் குறையும். பூச்சி அரித்த கட்டைக் காற்று நீக்கிய பாலித்தீன் பையில் ஒட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் 24 மணி நேரம் பையைப் பிரிக்கக்கூடாது. பிரித்தால் குளிர்ந்த தாளின்மேல் அறையின் ஈரம் படிந்துவிடும்.

"பச்சையா பூசணம் பிடிச்சிருக்கு. ஈரத்துணியால துடைச்சிடலாமா?"

ஈரத்துணி பூசணத்துக்கு விருந்து. பிரிலியன்ட் நீலம், ராயல் நீலம் போன்ற மைகள் நீர்பட்டால் கரைந்தும் போகும். பாதித்த கட்டை மற்றவற்றிலிருந்து பிரித்து, உலர்ந்த அறையில் ஆறவிடுங்கள். தொட்டால் ஒட்டும் நிலையில் இருப்பது உயிரோடுள்ள பூசணம். பொடியாக உதிர்வது உறங்குவது. பொடியான பிறகு, திறந்த வெளியில், என்95 முகக்கவசத்தோடு, மெல்லிய ஆட்டுமயிர்த் தூரிகையால் உங்களைவிட்டு விலகும் திசையில் தள்ளுங்கள். கறை போகாது, போக்கவும் முயலாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்கே வரக்கூடாது.

"கூரை ஒழுகி ஒரு பெட்டி முழுசா நனைஞ்சுபோச்சு. இப்ப என்ன பண்றது?"

48 மணி நேரம்தான் கணக்கு. அதற்குள் பூசணம் முளைக்கத் தொடங்கும். ஒட்டிக்கொண்ட தாள்களை ஈரத்தில் பிரிக்க முயலாதீர்கள், கிழியும். நூறு தாளுக்குள் என்றால் வெள்ளைப் பருத்தித் துணிமேல் ஒற்றையொற்றையாகப் பரப்பி, இடையில் அச்சில்லாத உறிஞ்சுதாள் வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். செய்தித்தாளின் மை ஈரத்தில் ஒட்டும்.

அதற்குமேல் இருந்தால் எல்லாவற்றையும் இன்றே உலர்த்திவிடலாம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு செ.மீ. தடிமக் கட்டுகளாகப் பிரித்து, பாலித்தீனில் சுற்றி, உறைபெட்டியில் போட்டுவிட்டால் நேரம் கிடைக்கும். பிறகு ஒவ்வொரு கட்டாக எடுத்து உலர்த்தலாம். புகைப்படங்களும் ஒலிநாடாக்களும் உறைபெட்டிக்குள் போகக்கூடாது.

"குண்டூசி, ஸ்டேப்ளர், செலோடேப் எல்லாத்தையும் எடுத்துடலாமா?"

நம் ஈரத்தில் துரு தாளையே ஓட்டையாக்கும், ஆகவே குண்டூசியும் ஸ்டேப்ளரும் போகத்தான் வேண்டும். நகத்தால் இழுக்காதீர்கள். ஊசிக்கும் தாளுக்கும் இடையே மெல்லிய பாலியெஸ்டர் துண்டைச் செருகி, மழுங்கிய கத்திமுனையால் பின்பக்கக் கால்களை நிமிர்த்தி, பிறகு மேலே தூக்குங்கள். சேர்ந்திருந்த தாள்களை ஒரு மடித்த தாளுக்குள் சேர்த்தே வையுங்கள். ரப்பர் பேண்டு இளகி ஒட்டியிருந்தால் ஒட்டிய பகுதியை விட்டுவிட்டு மற்றதை வெட்டுங்கள். செலோடேப்பைத் தொடாதீர்கள், அதோடு எழுத்தும் வரும். அது பயிற்சி பெற்றவர் கரைப்பான் கொண்டு செய்யும் வேலை.

லேமினேஷன் பற்றியும் இங்கேயே: ஒருபோதும் வேண்டாம். சூட்டில் ஒட்டியதைப் பிரிக்க முடியாது.

"எந்த மாதிரி கோப்புல, எந்தப் பெட்டில வைக்கணும்?"

அமிலமற்ற தாளில் செய்த மடிப்புறை, அதைக் கொள்ளும் அட்டைப்பெட்டி. ஓர் உறையில் 20 முதல் 30 தாளுக்குமேல் வேண்டாம். 12 செ.மீ. அகலப் பெட்டியில் உறைகள் செங்குத்தாக, சாயாமல், ஆனால் நெருக்காமல் நிற்கட்டும். பழைய ஃபுல்ஸ்கேப் தாள் ஏ4ஐவிட நீளம். ஏ4 உறையில் போட்டால் அடிவிளிம்பு வெளியே நீட்டி நொறுங்கும். 24க்கு 37 செ.மீ. உறை வாங்குங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டுமானால் பாலியெஸ்டர் மட்டும். கடைகளில் கிடைக்கும் பி.வி.சி. உறையில் ஜெராக்ஸ் எழுத்து இடம் மாறி ஒட்டிக்கொள்ளும். உறைமேல் எழுதப் பென்சில், மைப்பேனா அல்ல. கையுறை தேவையில்லை, கையைக் கழுவித் துடைத்தால் போதும். புகைப்படத்துக்கு மட்டும் நைட்ரைல் கையுறை.

"கடிதத்துல தேதியே இல்லை. எந்த வருஷம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

தாளே சொல்லும். இன்லேண்ட் லெட்டர் 1950 அக்டோபர் 2இல்தான் வந்தது. தபால்தலையில் அணா இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்திய வெளியீடு. நயா பைசா என்றால் 1957 முதல் 1964 வரை. கையிருப்பில் இருந்த பழைய தலையை ஒட்டியிருக்கலாம் என்பதால் முத்திரையையும் பாருங்கள். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டு 15க்குப் பின். "மதராஸ் மாநிலம்" என்றால் பெரும்பாலும் 1969க்கு முன்.

எழுத்துச் சீர்திருத்தம் 1978இல் அரசாணையானது. அச்சுப்படியில் பழைய "ணை", "லை" வடிவம் இருந்தால் அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். கையெழுத்துக்கு இந்த அளவுகோல் செல்லாது. பழைய தலைமுறையினர் கடைசிவரை பழைய வடிவத்தையே எழுதினர். தமிழ் ஆண்டில் ஒரு பொறி: "விய, தை" என்றால் 1946 அல்ல, 1947 ஜனவரி-பிப்ரவரி, ஏனென்றால் விய ஆண்டு 1946 சித்திரையில் தொடங்கியது. திருவள்ளுவர் ஆண்டானால் 31 கழியுங்கள். ஊகித்த தேதியைச் சதுர அடைப்புக்குறிக்குள், கேள்விக்குறியோடு, உறையின்மேல் மட்டும் எழுதுங்கள். கடிதத்தின்மேல் எழுதவே கூடாது.

"அட்டவணைல பேரை எப்படி எழுதறது? ஊட்டியா, உதகமண்டலமா?"

தாளில் உள்ளதை உள்ளபடி எழுதி, தேடுவதற்கு ஒரே வடிவத்தை அட்டவணையின் தனி நெடுவரிசையில் கொடுங்கள். ஒத்தக்கல்மந்து, உதகை, ஊட்டி மூன்றும் ஒரே இடத்துக்கு வந்து சேரவேண்டும். படுக மொழி வரிகள் தமிழ் எழுத்தில் இருந்தால் "பிழை" என்று திருத்தாதீர்கள். அந்த மொழியின் சில ஒலிகளுக்குத் தமிழில் தனி எழுத்து கிடையாது. எழுதியவர் தமக்கென்று ஒரு வழி வைத்திருப்பார், ஊர் என்னும் பொருளில் "ஹட்டி", "அட்டி" இரண்டும் வரும். ஒவ்வொரு தாளையும் பட்டியலிட முனைந்து பாதியில் நிறுத்துவதைவிட, உறைக்கு ஒரு வரி வீதம் முழுவதையும் முடிப்பது மேல்.

"ஸ்கேன் பண்ணிட்டா மூலத்தைப் பத்திக் கவலை இல்லையே?"

இருக்கிறது. அழுத்தி எழுதிய பென்சில் தடம், தாளின் நீர்க்குறி, மை மாறிய இடம் படத்தில் சரியாக வராது. ஆனாலும் மூலத்தைப் புரட்டும் கைகள் குறையும் என்பதால் ஸ்கேன் செய்யுங்கள். கையெழுத்துக்கு அங்குலத்துக்கு 400 புள்ளி, புகைப்படத்துக்கு 600, எல்லாம் வண்ணத்தில், டிஃப் கோப்பாக. ஓர் ஏ4 பக்கம் 400இல் சுமார் 46 எம்.பி. வரும், 5,000 பக்கத்துக்கு 230 ஜி.பி. மூன்று நகல், அதில் ஒன்று மலைக்குக் கீழே, கோயம்புத்தூரிலோ வேறெங்கோ. மண்சரிவில் வீடு போனால் பக்கத்து அறையில் இருக்கும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்தே போகும். காலிப் பின்பக்கம் தவிர எல்லாப் பின்பக்கத்தையும், உறையையும் எடுங்கள்.

"பேட்டி எடுத்த கேசட் இருக்கு. டேப்ரெகார்டர்ல போட்டுப் பார்க்கலாமா?"

முதலில் கேசட்டின் கண்ணாடி வழியே சுருளைப் பாருங்கள். வெள்ளைத் தூசி தெரிந்தால் பூசணம். ஓட்டினால் கருவியின் தலையில் அப்பி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதை அப்படியே நிபுணரிடம் கொடுக்க வேண்டியதுதான். சுத்தமாக இருந்தால் பதிவைக் காக்கும் இரண்டு சிறு காதுகளையும் உடைத்துவிடுங்கள். தவறி சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. 90, 120 நிமிட நாடாக்கள் மெல்லியவை, வேகமாகச் சுற்றாதீர்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக எடுத்தால் மணிக்கு ஏறத்தாழ 1 ஜி.பி. கேசட் உறையில் எழுதியிருக்கும் பெயரையும் தேதியையும் படமெடுங்கள்.

"பிளாப்பில இருக்கற கட்டுரையைத் திறந்தா ஏதோ இங்கிலீஷ் எழுத்தா வருது!"

கெட்டுப்போகவில்லை. யூனிகோடுக்கு முந்திய காலத்தில் பாமினி, வானவில், டாப், டிஸ்கி என்று ஒவ்வோர் எழுத்துருவும் குறிமுறையும் தமிழை ஒவ்வொரு விதமாக அடைத்துவைத்தது. எந்த எழுத்துரு, எந்தக் குறிமுறை என்று கண்டுபிடித்து மாற்றியில் போட்டால் தமிழாகும். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறுவது சகஜம், ஒருமுறை படித்துச் சரிபார்க்க வேண்டும். மூலக் கோப்பையும் அந்த எழுத்துருவையும் அழிக்காமல் கூடவே வையுங்கள்.

"வரலாறு எழுத யார்கிட்டயோ வாங்கின கடிதங்கள் தாத்தா கோப்புல இருக்கு. இப்ப அது யாருது?"

திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கியது என்று கடிதத்திலோ குறிப்பிலோ தெரிந்தால், கொடுத்தவர் குடும்பத்துடையது. பிரதியெடுத்து, அந்த இடத்தில் "மூலம் திருப்பப்பட்டது" என்று தேதியோடு ஒரு தாள் வைத்து, திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அன்பளிப்பென்று தெரிந்தால் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். எதுவும் தெரியாவிட்டால் தனியே பட்டியலிட்டு வையுங்கள்.

"கடிதம் எங்ககிட்ட இருக்கு. அப்ப அதை நாங்க வெளியிடலாம்தானே?"

தாள் உங்களுடையது, எழுத்து உங்களுடையதல்ல. காப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுக்கும்தான். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாழ்நாளில் வெளியான எழுத்துக்கு ஆசிரியர் மறைந்த அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு. 1990இல் மறைந்தவருக்கு 2050 முடிய. உயிரோடிருக்கையில் வெளிவராமல் பின்பு வெளியானவற்றுக்கு, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60. ஆக, டிராயரில் கிடக்கும் கவிதைக்குக் கடிகாரம் இன்னும் ஓடத் தொடங்கவில்லை.

இரண்டு நுணுக்கம். வெளிவராத கையெழுத்துப் படியை உயிலில் ஒருவருக்கு எழுதிவைத்தால், வேறுவிதமாகச் சொல்லாதவரை காப்புரிமையும் சேர்ந்தே போகும். ஆனால் உயிரோடிருக்கும்போது தாளைப் பரிசாகக் கொடுத்தால் அப்படிப் போகாது. உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே சட்டம் கொள்ளும். நூல்கள் நாட்டுடைமை ஆகியிருந்தாலும், அவருக்குப் பிறர் எழுதிய கடிதங்களுக்கு அது பொருந்தாது.

"சிலர் அவர்கிட்ட ரகசியமா சொன்னது எல்லாம் குறிப்புல இருக்கே, எரிச்சுடலாமா?"

எரிக்க வேண்டாம். வரலாறு எழுதுபவரிடம் மக்கள் நூலில் வராது என்ற நம்பிக்கையில் பேசுவார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பதற்கு வழி மூடிவைப்பது. அந்தத் தாள்களைத் தனி உறையில் இட்டு, ஒட்டி, "இந்த ஆண்டுவரை திறக்கக்கூடாது" என்று குறிப்பிட்ட ஆண்டை எழுதி, அட்டவணையிலும் அதைப் பதியுங்கள். "குடும்பத்தார் விரும்பும்வரை" என்று எழுதுவது பயனற்றது. இருபது ஆண்டு கழித்து யாரைக் கேட்பது என்றே தெரியாது.

"ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கலாம்னு இருக்கோம். வெளிநாட்டுல ஒருத்தர் கேட்கிறார், அனுப்பலாமா?"

75 ஆண்டுக்குமேல் பழைய, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் படி 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் தொல்பொருள் ஆகும். தனியார் அதை நாட்டைவிட்டு அனுப்பக்கூடாது. ஸ்கேன் படத்தை அனுப்புவது வேறு விஷயம். அங்கே முந்திய காப்புரிமைப் பதில்தான் கணக்கு.

உள்நாட்டில் கொடுப்பதென்றால் வாய்ப்பேச்சு போதாது. ஒப்படைப்புப் பத்திரத்தில் ஐந்து செய்தி இருக்கட்டும்: தாளின் உடைமை மாறுகிறதா அல்லது வைப்பாக மட்டும் தருகிறீர்களா; காப்புரிமை யாரிடம்; மூடிய உறைகள் எவை, எந்த ஆண்டுவரை; படியெடுக்க அனுமதி தருவது யார்; அவர்கள் வேண்டாமென்று ஒதுக்குவது உங்களுக்குத் திரும்பி வருமா. கடைசி ஒன்றைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மேலே சொன்ன உறைவாரி அட்டவணையின் ஒரு படியை இருதரப்பும் கையெழுத்திட்டுப் பத்திரத்தோடு இணைத்துக்கொள்ளுங்கள். பெட்டிகளைக் கீழே இறக்குவது பிப்ரவரி, மார்ச் மாதத்தில் ஆகட்டும். போய்ச் சேர்ந்ததும் ஒரு நாள் மூடியபடியே வைத்துத் திறக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த காகிதம் சமவெளிக் காற்றில் வியர்க்கும்.